கேட்டுப் படித்த நூல்களும் கோடைக்கு எடுத்து வைத்தவையும்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாயிலில் நின்று பேசுகையில், "விடுமுறைக்குப் பிள்ளைகள் கையில் என்ன புத்தகம் கொடுக்கலாம்?" என்று எங்களைக் கேட்பவர் சிலர் உண்டு. நாங்கள் இருவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர்கள் என்பதே அதற்குக் காரணம். பட்டியல் ஒன்றை எழுதிக் கையில் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் சட்டைப் பையில் இருந்தபடியே சலவைக்குப் போய்விடுகின்றன. ஆகவே, சென்ற ஓராண்டில் எங்கள் இல்லத்தில் எந்தெந்த நூல்கள் எவ்வாறு படிக்கப்பட்டன, வரும் கோடைக்கு எவை காத்திருக்கின்றன என்பதை உள்ளது உள்ளபடியே எழுத முற்படுகிறோம்.

'படிக்கப்பட்டன' என்று எழுதினோம். எங்கள் இல்லத்தைப் பொறுத்தமட்டில், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார் என்று எழுதுவதே சரி. எங்கள் இருவரில் நூல்கள்மீது தீராத பசி கொண்டவர் இல்லத்தலைவியே. மணமாகி வந்தபோது அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் புடவைகளைவிடப் புத்தகங்களே மிகுதி என்பது உறவினரிடையே இன்றும் வழங்கும் பேச்சு. அவருக்குக் கண்ணில் நீரழுத்த நோய் கண்டது. அது வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் வளர்ந்து, பார்வையின் ஓரங்களை முதலில் தின்று, இறுதியில் நடுப்பகுதியையும் தொட்டுவிட்டது. இந்நோயில் போன பார்வை மீளாது, எஞ்சியிருப்பதைக் காப்பதற்கே சொட்டு மருந்து என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், வாசலில் வந்து நிற்பவரின் உருவம் தெரியும், அச்செழுத்துத் தெரியாது. (நாற்பது வயதைக் கடந்தவர்கள், கண்ணில் குறையொன்றும் தோன்றாவிடினும், ஒருமுறை கண்ணின் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது நலம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் வலியின்றியே வரும் நோய் இது.)

ஆதலால் மாலையில் செபமாலை முடிந்தபின், இரவு உணவுக்கு முன், ஏறத்தாழ ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் வாசிப்பு நடைபெறுகிறது. வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். இனி இக்கட்டுரையில் எங்களை இவ்விரு பெயர்களாலேயே குறித்துக்கொள்கிறோம்.

எங்கள் மகளின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன், கைப்பேசியில் எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் வசதியை எங்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தான். அதனை நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. காலையில் செய்திகளைக் கேட்க அது மிகவும் உதவுகிறது. எனினும், மாலை வாசிப்புக்கு அதனால் ஆகாது. சிரிக்க வேண்டிய இடத்தில் அந்தக் குரல் சிரிப்பதில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறது. ஏன் நிறுத்தச் சொன்னீர்கள் என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டிலோ வாசிப்பில் பாதி நேரம் நிறுத்திய இடங்களிலேயே கழிகிறது.

வாய்விட்டு வாசிப்பது முற்காலத்தில் யாவர்க்கும் பொதுவான வழக்கம். இதனை நாங்கள் புனித அகுஸ்தீனார் தம் வாழ்வைக் கடவுள் திருமுன் அறிக்கையிடும் நூலிலேயே கண்டோம். மிலான் நகரின் ஆயராகிய புனித அம்புரோசியாரைக் காண அவர் சென்றபோதெல்லாம், ஆயர் நூலொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்கள் மட்டும் ஏட்டின்மேல் ஓட, நாவும் குரலும் அசையாமல் வாசித்துக் கொண்டிருப்பாராம். அகுஸ்தீனாருக்கு இது பெரும் வியப்பாய் இருந்தது. எளிதில் கம்மிப்போகும் குரலைக் காக்கவே அவ்வாறு செய்கிறாரோ, அல்லது அருகில் இருப்பவர் பொருள் கேட்டு நேரத்தைக் கவர்ந்துவிடுவர் என்று அஞ்சுகிறாரோ என்று அவர் பலவாறு எண்ணிப் பார்க்கிறார். இப்பகுதியை வாசித்த மாலையில் கேட்பவர் சிரித்துவிட்டு, "அம்புரோசியார் என்னைப் போன்ற ஒருத்தியிடம் அகப்பட்டிருப்பார், அதனால்தான் வாயை மூடிக்கொண்டார்" என்றார்.

அந்நூல் பதின்மூன்று பகுதிகளைக் கொண்டது. முதல் ஒன்பது பகுதிகளும் கதைபோல ஓடுகின்றன. 386ஆம் ஆண்டு மிலான் தோட்டத்தில், அடுத்த வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல் எடுத்து வாசிக்கும்படி பாட்டுப்போல் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு, உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தை அகுஸ்தீனார் திறக்கும் இடத்தை யார்தாம் மறப்பர்? ஆயினும், எங்கள் மனத்தில் நிலைத்தது அவருடைய தாய் மோனிக்காவின் இறுதி நாள்கள். சொந்த நாட்டில் கணவரின் கல்லறைக்கு அருகே தம்மையும் அடக்கம் செய்யவேண்டுமென்று நெடுங்காலம் விரும்பி, அதற்கு இடமும் ஏற்பாடு செய்திருந்தவர் அவர். அத்தாய் 387ஆம் ஆண்டு, கடல் கடந்து செல்லக் காத்திருந்த ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றபோது, உடலை எங்கேனும் வைக்கட்டும், ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்று மக்களிடம் சொல்லிவிடுகிறார். வாசிப்பவர் அன்று அதற்குமேல் செல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "நமக்கு அந்தக் கவலை இல்லை, நம் கல்லறைத் தோட்டம் நடக்கும் தூரத்தில்தானே இருக்கிறது" என்று கேட்பவரே பேச்சைத் தொடங்கி வைத்தார்.

நினைவாற்றலைக் குறித்த பத்தாம் பகுதியைத் தட்டுத் தடுமாறிக் கடந்தோம். காலம் என்பது யாது என்று ஆராயும் பதினொன்றாம் பகுதியில் நின்றுவிட்டோம். அது கண்ணால் படித்து, விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு, இருமுறை திரும்பிச் சென்று காணவேண்டிய பகுதி. காதுக்கு அது அடங்கவில்லை. நல்ல நூல் யாவும் வாய்விட்டு வாசிக்க ஏற்றது என்று கருதிவிடலாகாது.

காதுக்கென்றே எழுதப்பட்டதுபோல் எங்களுக்கு வாய்த்தது டாக்டர் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. வாரப் பகுதியாக வந்தமையால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்குகிறது. மகனுக்கு நல்ல தமிழாசிரியர் கிடைக்கவேண்டுமென்று அரியலூர், குன்னம் என ஊர் ஊராகக் குடிபெயரும் ஏழைத் தந்தை ஒருவரின் கதை அதில் உள்ளது. பிள்ளைகளின் பள்ளிக்காக வீடு மாறும் இக்காலப் பெற்றோர், தமிழ் படிப்பிக்கவும் ஒருவர் அப்படி அலைந்தார் என்பதை அறிய வேண்டாமா?

அந்நூலில் எங்களை நெடுநேரம் பேசவைத்தது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் இறுதி வேளை. 1876ஆம் ஆண்டில் அப்பெரும்புலவர் உயிர் பிரியும் நேரத்தில், சாமிநாதையர் அருகிருந்து திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். ஆசிரியரைத் தம் மார்பிலே சாய்த்துத் தாங்கிக்கொண்டிருப்பவர் சவேரிநாத பிள்ளை. பெயரே சொல்லும், அவர் நம்மவர். சைவப் பெரும்புலவரிடம் தங்கித் தமிழ் கற்ற கிறிஸ்தவ மாணவர். ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் தாங்குகிறார், ஒருவர் கேட்டுக்கொண்டே கண்மூடுகிறார். இதற்கு நாங்கள் விளக்கம் எதுவும் எழுதப்போவதில்லை. அன்றிரவு கேட்பவர், "எனக்கும் கடைசியில் யாராவது வாசிக்கவேண்டும்" என்று மட்டும் சொன்னார். எதை வாசிப்பது என்று வாசிப்பவர் கேட்டார். அதற்கு விடை பின்னரே கிடைத்தது.

அதே மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 'குளத்தூர்க் கோவை' பாடிச் சிறப்பித்த நண்பர்தாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1879இல் தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டவர். 'என் சரித்திர'த்தில் அவர் உயிரோடு நடமாடக் கண்டபின், அவருடைய நாவலை மீண்டும் எடுக்காமல் இருக்க இயலவில்லை. மாணவப் பருவத்தில் நாங்கள் இருவரும் அதனைத் தேர்வுக்காகப் படித்திருந்தோம். ஆண்டும் ஆசிரியர் பெயரும்தான் நினைவில் இருந்தன. வாய்விட்டு வாசித்தபோதோ அது முற்றிலும் வேறொரு நூலாயிற்று. செல்வ வீட்டுப் பிள்ளை பாடத்தில் தவறு செய்ய, அவனுக்குரிய அடியை வேறொரு சிறுவன் வாங்குகின்ற அத்தியாயத்தை, ஆசிரியராய் இருந்த எங்களால் ஒரே மூச்சில் வாசித்து முடிக்க முடியவில்லை. பாதி சிரிப்பு, பாதி வேறொன்று. ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளும் ஞானாம்பாளைக் கேட்பவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். நீதிமன்றங்களில் மக்கள் அறிந்த மொழியாகிய தமிழிலேயே வழக்கை எடுத்துரைக்கவேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்சீப் எழுதியிருப்பதைக் கேட்டு அவர் நாற்காலியின் கையைத் தட்டினார். குறை ஒன்று உண்டு. கிளைக்கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அறிவுரைகளும் இடையிடையே நீண்டுவிடுகின்றன. இரண்டொரு பக்கங்களை இருவரின் உடன்பாட்டோடு தாண்டிச் சென்றோம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வாசிப்பைப் பற்றி அறிந்த அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், பக்தியுள்ளவர், "செபமாலை முடித்த கையோடு கதைப் புத்தகமா?" என்று வருந்திக் கேட்டார். அவருக்கு மறுமொழியாக, திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கையெழுத்திட்ட, இலக்கியத்தின் பங்கு குறித்த மடலை நினைவூட்டினோம். குருக்களாவதற்குப் பயிற்சி பெறுவோரை மனத்திற்கொண்டு அதனை எழுதத் தொடங்கியதாகவும், பின்னர் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உரியதென்று கண்டதாகவும் அவர் கூறுகிறார். ஆள் அரவமற்ற தெருவில் வெயில் காயும் விடுமுறை நாளின் சலிப்பில், நல்ல நூலொன்று பாலைவனச் சோலைபோல் உதவும் என்பதையும் அவர் மறக்கவில்லை. அவரும் எங்களைப்போல் ஆசிரியர். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினா நாட்டின் சாந்தா பே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தவர். பாடத்திட்டத்தில் இருந்த பழைய காவியத்தில் மாணவர்களுக்கு மனம் ஒன்றவில்லை. அவர்கள் விரும்பிய புதிய கவிஞரை வகுப்பில் படிக்கவிட்டு, காவியத்தை வீட்டில் படித்துவருமாறு செய்தாராம். இதைப் படித்தபோது, 2025 ஏப்ரல் 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்த அத்திருத்தந்தை எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் அமர்ந்திருந்தவர்போல் தோன்றினார். அண்டை வீட்டு அம்மையார் இப்போது சில மாலைகளில் தாமே வந்து அமர்கிறார். ஞானாம்பாளை அவருக்கும் பிடித்துவிட்டது.

சலிப்பின் பயனைப் பற்றி நம் இனியகோ புனிதரைக் கேட்டாலும் சொல்வார். 1521இல் பாம்பலோனா கோட்டையில் கால் முறிந்து, வீட்டில் படுத்திருந்த நாள்களில் வீரசாகசக் கதைகள் வேண்டுமென்று கேட்டார். அவ்வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துநாதர் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. வேறு நூல் இல்லாத குறையினால் அவற்றை எடுத்தார். அதன் பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை.

சிறுமலர் தெரேசாவின் தன்வரலாற்றை அக்டோபர் மாதத்தில் வாசித்தோம். அதனைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டமையால், நாங்கள் புதிதாகக் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறோம். லிசியே நகரில் அவர்களது வீட்டின் குளிர்கால மாலைகள் எவ்வாறு கழிந்தன என்பதை அவர் விவரிக்கிறார். சற்று நேரம் விளையாட்டு. அதன்பின் தமக்கையர் திருவழிபாட்டு ஆண்டை விளக்கும் நூலிலிருந்து வாசிப்பர். பிறகு இனிமையும் பயனும் உடைய வேறொரு நூலில் சில பக்கங்கள். குழந்தை தெரேசா அத்தனையும் தந்தையின் மடியில் அமர்ந்தே கேட்பாள். திருச்சபையின் மறைவல்லுநராக 1997இல் உயர்த்தப்பட்ட ஒருவர், எழுத்தை முதலில் காதால்தான் பெற்றிருக்கிறார்! அந்நூலின் கடைசிப் பக்கங்களை 1897ஆம் ஆண்டின் கோடையில், மை தொட்டு எழுதவும் வலுவின்றி, பென்சிலால் எழுதினார் என்பதை அறிந்து கேட்கும்போது, குரல் தானாகவே தணிகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அவர் இறந்தபோது வயது இருபத்து நான்கு.

தவக்காலத்தில் நாவல்களை மூடி வைத்தோம். கேட்பவரின் விருப்பப்படி தோபித்து நூலை எடுத்தோம். பதினான்கே அதிகாரங்கள்; நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் என்றாலும் இரண்டு வாரத்தில் முடியும். நினிவே நகரில் நாடு கடத்தப்பட்டு வாழும் தோபித்து, இறந்தோரை அடக்கம் செய்யும் நல்லவர். முற்றத்துச் சுவரோரம் படுத்திருக்கையில் குருவிகளின் எச்சம் கண்ணில் விழுந்து பார்வை இழக்கிறார். மருத்துவர்களிடம் போகப் போகக் கண் மேலும் கெடுகிறது. மனைவி அன்னா நெசவு வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிறார். வேலை கொடுத்தவர்கள் கூலிக்குமேல் ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்ப, கண் தெரியாத கணவர் அதன் குரலைக் கேட்டு, திருட்டு ஆடோ என்று ஐயுற்றுச் சண்டையிடுகிறார். இக்காட்சியில் எங்கள் இருவருக்கும் புன்னகை வந்தது. கண் மங்கிய வீட்டில் சந்தேகங்கள் எப்படிப் பிறக்கும், பாத்திரம் இடம் மாறியிருந்தால் எத்தகைய வழக்கு நடக்கும் என்பதையெல்லாம் அதனை எழுதியவர் நன்கு அறிந்திருக்கிறார்.

ஆனால் கதை எங்கே போய் முடியும் என்பது இருவருக்கும் தெரியும். பதினோராம் அதிகாரத்தில் மகன் தோபியா, வானதூதர் இரபேல் சொன்னபடி மீனின் பித்தப்பையைக் கொண்டு தந்தையின் கண்களைக் குணமாக்குகிறார். வெண்படலம் உரிந்து விழுகிறது. மகனைக் கண்டு தந்தை அழுகிறார். வாசிப்பவர் அந்த அதிகாரத்தின் முதல் பத்து வசனங்கள்வரை சரளமாக வாசித்தார். அவர் குரல் தேய்ந்ததைக் கேட்பவர் உடனே அறிந்துகொண்டார். பார்வை போனபின் அவருடைய செவிக்குத் தப்புவது எதுவுமில்லை.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அவருக்குப் பார்வை வரட்டும், வாசியுங்கள்" என்றார்.

வாசித்து முடித்தபின் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னதை இங்கு எழுத அவரிடம் இசைவு பெற்றிருக்கிறோம். குணமான அதிகாரம் தமக்கு மகிழ்ச்சியே தருகிறது என்றார். ஆயினும், தாம் திரும்பக் கேட்க விரும்புவது நான்காம் அதிகாரத்தையே என்றார். தோபித்து தம் மகனை அழைத்து, தாயை மதிக்கவும், உள்ளதில் பகிர்ந்து கொடுக்கவும், கூலியாளின் கூலியை மறுநாள்வரை வைத்துக்கொள்ளாதிருக்கவும் ஒவ்வொன்றாகக் கற்பிக்கும் அதிகாரம் அது. "அதெல்லாம் அவர் கண் தெரியாமல் இருந்தபோது சொன்னது. எழுத்து இல்லை, ஏடு இல்லை. எல்லாம் உள்ளே இருந்தது. எனக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது" என்றார். கடைசியில் என்ன வாசிக்கவேண்டும் என்ற முந்தைய கேள்விக்கும் அன்றே விடை கிடைத்தது: அந்த நான்காம் அதிகாரம்.

எங்கள் கோடைத் திட்டம் அங்கேதான் பிறந்தது. மகளின் பிள்ளைகள் இருவரும் மே மாதம் எங்களிடம் வருவர். பேத்தி பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவள். 2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வீரமாமுனிவரின் தேம்பாவணியிலிருந்து சில பாடல்கள் இடம்பெற்றுள்ளன என்பதை வாசகர் பலர் அறிவர். கானகத்தில் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன், அதாவது நம் திருமுழுக்கு யோவான், புலம்பும் பகுதி அது. அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது பேத்தி அவற்றை மனப்பாடமாக, மூச்சு விடாமல், மதிப்பெண்ணுக்குரிய வேகத்தில் ஒப்பித்தாள். கேட்பவர் இடைமறித்து, அதே பாடலைச் சீர் பிரித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொல்லிக் காட்டினார். தாய் காட்டிய வழியன்றி வேறெதுவும் அறியாத பிள்ளை, அந்தத் தாயே போனபின் காட்டில் தனித்து நிற்கும் நிலை, நிறுத்திச் சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கிற்று. "அம்மாயி, அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்? புத்தகத்தில் இதோடு முடிந்துவிட்டதே" என்று கேட்டாள். நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்புகளில் எத்தனையோ முறை நாங்கள் எதிர்பார்த்துக் கிட்டாத கேள்வி அது. கோடையில் சொல்கிறேன் என்று கேட்பவர் வாக்களித்துவிட்டார்.

வாக்களிப்பது எளிது, கணக்குப் போட்டவர் வாசிப்பவர். தேம்பாவணியில் மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள், 3615 பாடல்கள். பிள்ளைகள் இருக்கப்போவது நாற்பது நாள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பாடல்கள்! அப்படி வாசித்தால் புனித வளனாரே பொறுக்கமாட்டார். ஆகவே கருணையன் வரும் இடங்களையும், திருக்குடும்பம் எகிப்துக்கு வழிநடந்த பகுதிகளையும், வளனாரின் இறுதியையும் மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துள்ளோம். 'யோசேப்பு' என்னும் எபிரேயப் பெயருக்கு வளர்ச்சி, பெருக்கம் என்னும் பொருளைக் கண்டு 'வளன்' என்றும், 'யோவான்' என்பதன் பொருளை உணர்ந்து 'கருணையன்' என்றும் அந்த இத்தாலியக் குருவானவர் பெயர்த்த அழகைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதுவே போதுமான வாயில். வாசிப்பவர் பாடலை வாசிப்பார். கேட்பவர் சந்தி பிரித்துப் பொருள் சொல்வார். பேத்தி ஒரு குறிப்பேட்டில் எழுதுவாள். கேட்பவரின் உள்ளே இருப்பது அந்த ஏட்டில் கொஞ்சமேனும் இறங்கட்டும் என்பது வாசிப்பவரின் உள்ளக்கருத்து. அதனை அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இக்கட்டுரையை வாசித்துக் காட்டும்போது தெரிந்துவிடும்.

1726இல் முடிந்த தேம்பாவணிக்கு 2026ஆம் ஆண்டு முந்நூறாவது ஆண்டு. அதே 2026, வேதநாயகம் பிள்ளை பிறந்ததன் இருநூறாவது ஆண்டும் ஆகும். இரண்டையும் முன்னிட்டு ஒருநாள் பயணமும் வைத்திருக்கிறோம். கொள்ளிடத்தின் வடகரையில், வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடிய ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் ஆலயத்துக்கு விடியலில் சென்று, வெயில் ஏறுமுன் திரும்புவதாக ஏற்பாடு. கேட்பவருக்கு ஆலயம் தெரியாது. மணியோசையும், புறாக்களின் சத்தமும், கல்தரையின் குளிர்ச்சியும் தமக்குப் போதும் என்கிறார்.

பேரனுக்குத்தான் தேம்பாவணி எட்டாது. அவன் தமிழை எழுத்துக் கூட்டியே வாசிப்பான். பேசுவதில் மட்டும் எவரும் அவனை வெல்ல முடியாது. அவனுக்கு அதே வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'யை எடுத்து வைத்துள்ளோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்கள், ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துச் சோதிப்பதையும், எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஓராளைக் காணோமென்று அழுவதையும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்குவதையும் எழுத்துக் கூட்டியாவது படிக்காமல் விடும் பிள்ளை உண்டோ? இதில் ஒரு நிபந்தனை. அவனுக்கு நாங்கள் வாசித்துக் காட்டப்போவதில்லை. அவன்தான் தன் அம்மாயிக்கு வாசித்துக் காட்டவேண்டும். வாசிப்பவருக்கும் அறுபத்தொன்பது வயதாகிறது. இன்னொரு குரல் பழகிக்கொண்டால் வீட்டுக்கு நல்லது.

இச்செய்தியைத் தொலைபேசியில் அறிவித்தபோது, அவன் உடனே தன் நிபந்தனையையும் வைத்தான். ஒரு கதை வாசித்தால் எத்தனை நிமிடம் கைப்பேசியில் விளையாடலாம் என்பது அவன் கேள்வி. கேட்பவர் பத்து நிமிடம் என்றார். அவன் அரை மணி என்றான். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. இதற்கிடையில், வாசிப்பவரின் தொண்டைக்காகப் பனங்கற்கண்டும் மிளகும் வாங்கி டப்பாவில் நிரப்பியாயிற்று. சிறுவன் அந்த டப்பாவை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவான் என்பதால், இருமடங்காகவே வாங்கியிருக்கிறோம்.